விக் கார்டும் டப்பா பாலும்: அமெரிக்காவில் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு

"விக்ல பால் டப்பா தர்றாங்களாம்மா, நாளைக்குப் போறேன்" என்று திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "எதை விக்கப் போறே?" என்று பதறிவிட்டார். கையில் கிடக்கும் வளையலைத்தான் விற்கப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார். விக் என்பது தாய்க்கும் பிள்ளைக்கும் அமெரிக்க அரசு தரும் உணவு உதவி என்று விளக்கியதும், "அட, நம்ம அங்கன்வாடில சத்துமாவு குடுப்பாங்களே, அந்த மாதிரியா? அத முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்றார். அதுவரை எனக்குள் இருந்த கூச்சம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

மகன் பிறந்தது 2022 ஜனவரியில். கணவர் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் வருடம். எஃப்-1 என்கிற மாணவர் விசா, பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகைதான் மொத்த வருமானம். நான் அவரைச் சார்ந்து வந்த எஃப்-2, வேலைக்குப் போக முடியாது. தாய்ப்பால் மட்டும் கொடுத்துப் பார்த்தோம், எடை ஏறவில்லை. இருபதாம் நாள் டாக்டர் டப்பா பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். சின்ன டப்பா ஒன்று பதினெட்டு டாலர் சொச்சம், அது நாலு நாள் வந்தால் பெரிய விஷயம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது வீட்டு வாடகைக்கு அடுத்த செலவு இதுவாகத்தான் இருந்தது. மாணவர் குடியிருப்பில் எதிர்வீட்டு கர்னூல் அக்காதான் "விக் ஆபீசுக்கு போன் பண்ணு" என்றார்.

அதற்கப்புறம் எங்கள் குடியிருப்புக்கு வந்த எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்கு இதையே சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது என்பதால் எழுதியே வைக்கிறேன்.

விக் என்றால் என்ன, யாருக்கு

பெண்கள், கைக்குழந்தைகள், சிறுபிள்ளைகள் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் விக். 1972-ல் சோதனையாகத் தொடங்கி 1975-ல் நிரந்தரமானது. பணம் அமெரிக்க வேளாண்மைத் துறையுடையது, நடத்துவது அந்தந்த மாநிலம். கர்ப்பிணிகள், பிரசவமான தாய்மார்கள், ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் இதில் சேரலாம். டப்பா பால் முதல் பிறந்தநாள் வரை.

வருமான வரம்பு நாம் நினைப்பதைவிட உயரம். மத்திய அரசின் வறுமைக் கோட்டைப்போல 185 சதவீதம் வரை அனுமதி. அலாஸ்காவும் ஹவாயும் தவிர்த்த மாநிலங்களில், 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 49,303 டாலர். ஆய்வு மாணவர் குடும்பங்கள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். கர்ப்பமாக இருக்கும்போதே போனால் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்ப்பார்கள். பிறந்த பிள்ளைக்கு மெடிகெய்ட் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு கிடைத்திருந்தால் இன்னும் சுலபம். வருமானத்துக்குத் தனியாகச் சான்று தேட வேண்டாம், மெடிகெய்ட் கடிதமே போதும்.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: "அக்கா, இத வாங்கினா கிரீன் கார்டுக்குப் பிரச்சனை வராதா?" அரசு உதவியை நம்பி வாழ்கிறவரா என்று கிரீன் கார்டுக்குப் பார்ப்பார்கள்; 2022-ல் வந்த குடியேற்ற விதிப்படி விக் அந்தக் கணக்கில் சேராது. எங்கள் அலுவலகத்தில் விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இந்த விதிகளை மாற்றும் பேச்சு ஓயாமல் வந்துகொண்டிருப்பதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலோ, குடியேற்ற வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸாப் குழுவில் யாரோ சொன்னதை நம்பி விட்டுவிடவும் வேண்டாம், யாரோ சொன்னதை நம்பி இறங்கவும் வேண்டாம்.

முதல் சந்திப்பு

உங்கள் மாநில சுகாதாரத் துறையின் இணையதளத்தில் விக் அலுவலகங்களின் பட்டியல் இருக்கும். மின்னஞ்சலை நம்பாதீர்கள், போன் செய்யுங்கள். "குழந்தைக்கு இத்தனை வாரம்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால், பொதுவாகப் பத்து நாளைக்குள் உங்களுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்பது விதி. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். போனிலேயே இணைப்பார்கள், காசு கிடையாது. என்னோடு பேசிய அம்மாள் குரல் யாழ்ப்பாணத் தமிழ். "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று அவர் கேட்டபோது, தூக்கமில்லாத அந்த மாதத்தில் முதல் தடவையாக அழுகை வந்தது.

கொண்டுபோக வேண்டியவை: உங்கள் பாஸ்போர்ட், குழந்தையின் பிறப்புச் சான்று அல்லது மருத்துவமனைக் காகிதம், முகவரி தெரிகிற மின்கட்டண ரசீது மாதிரி ஒன்று, உதவித்தொகைக் கடிதம் அல்லது சம்பளச் சீட்டு. இப்போது பல இடங்களில் போனிலேயே முடித்துவிடுகிறார்கள். நேரில் போனால் குழந்தையின் எடை, நீளம் பார்ப்பார்கள், உங்கள் விரலில் ஒரு குத்துக் குத்தி ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு ஊட்டச்சத்து ஆலோசகர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். இட்லியை அவருக்குப் புரியவைக்க நான் பத்து நிமிடம் பட்டபாட்டை இங்கே எழுதவில்லை.

அங்கே ஒன்றை யோசித்துச் சொல்லுங்கள். "தாய்ப்பால் கொடுக்கிறீர்களா?" என்பார்கள். இல்லை, டப்பா பால் மட்டும்தான் என்று சொன்னால் டப்பா அதிகம் வரும். ஆனால் உங்களுக்கான பால், முட்டை, பயறு எல்லாம் ஆறு மாதத்தோடு நின்றுவிடும். இரண்டும் கொடுக்கிறேன் என்றால் டப்பா கிட்டத்தட்ட பாதி, உங்களுக்கான உணவு ஒரு வருடம் வரை நீளும். பால் சுரப்பை உறிஞ்சியெடுக்கும் பம்ப் தேவைப்பட்டால் அதையும் கேட்கலாம். உண்மை நிலவரத்தைச் சொல்லுங்கள். நிலவரம் மாறினால் போன் செய்து மாற்றிக்கொள்ளலாம். நான் முதலில் பாதிக் கணக்கில் இருந்தேன், இரண்டாம் மாதம் முழுக் கணக்குக்கு மாற்றினார்கள்.

கார்டில் இருப்பது பணமில்லை

பலரும் தடுமாறுவது இங்கேதான். வங்கி அட்டை மாதிரியே ஒன்று தருவார்கள், பின் நம்பர் உண்டு. ஆனால் அதற்குள் டாலர் இல்லை, டப்பாக்களின் எண்ணிக்கை இருக்கிறது. அதுவும் இன்ன பிராண்ட், இன்ன வகை, இன்ன அளவு டப்பா என்று.

ஏன் ஒரே பிராண்ட் என்று எனக்கும் கோபம் வந்தது. காரணம் தெரிந்தபின், கடையில் தேடுவதற்கே அது உதவியது. 1989-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி மாநிலம் ஏலம் மாதிரிப் போட்டி வைக்க வேண்டும். எந்தக் கம்பெனி டப்பாவுக்கு அதிகத் தள்ளுபடியைத் திருப்பித் தருகிறதோ, அந்த மாநிலத்து விக் குழந்தைகளுக்கு அதன் பால்தான். இப்படி மிச்சமாகும் பணத்தில்தான் இன்னும் பல லட்சம் பேரைச் சேர்க்க முடிகிறது. நாடு முழுக்க விற்கும் டப்பா பாலில் ஏறக்குறைய பாதி விக் வழியாகத்தான் போகிறது. அதனால் ஒப்பந்தம் எந்தக் கம்பெனிக்கோ, கடைக்காரர் அலமாரியில் நடுமுற்றத்தை அதற்கே ஒதுக்குவார். சாதாரண நாளில் உங்களுக்கான டப்பாதான் கடையிலேயே சுலபமாகக் கிடைக்கும் டப்பா. அந்த ஒரு கம்பெனிக்குத் தும்மல் வந்தால் மாநிலமே படுத்துவிடும், அது அடுத்த கதை.

எங்களுக்கு அப்போது சிமிலாக் அட்வான்ஸ், 12.4 அவுன்ஸ் பவுடர் டப்பா. உங்கள் மாநிலத்தில் என்ஃபமிலோ வேறொன்றோ இருக்கலாம், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மாறவும் செய்யும். இப்படி ஒரு டப்பாவைக் கலக்கினால் சுமார் 90 அவுன்ஸ் பால். டப்பா பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு, முதல் நாலு மாதமும் அதிகபட்சம் 870 அவுன்ஸ் பால் வருகிற அளவு பவுடர். அதாவது மாதம் 9 டப்பா. ஐந்தாம், ஆறாம் மாதத்தில் 10. ஆறு மாதம் முடிந்ததும் 7 ஆகக் குறையும், பதிலுக்குக் குழந்தை உணவும் தானியப் பொடியும் வரும்.

9 டப்பா என்றால் நாளுக்கு 27 அவுன்ஸ். என் மகன் மூன்றாம் மாதம் 30 குடித்தான். திட்டத்தின் பெயரிலேயே இது துணை உணவு என்றுதான் இருக்கிறது, முழுச்சாப்பாடு என்று யாரும் சொல்லவில்லை. கடைசி மூன்று நாளுக்கான டப்பாவை நாமே வாங்க வேண்டியிருக்கும் என்று முதலிலேயே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கடையின் சொந்தப் பிராண்ட் போதும், விலை கணிசமாகக் குறைவு. அதையும் சேர்த்து எல்லா டப்பாவுக்கும் குறைந்தபட்சச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று அரசே விதித்திருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாதிரி டப்பா இருக்கிறதா என்றும் அப்படியே கேளுங்கள், அலமாரியில் நிறைய வைத்திருப்பார்கள்.

டப்பா தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்குவது மட்டும் கூடவே கூடாது. ஊரில் பாலில் தண்ணீர் விளாவுகிற பழக்கத்தில் என் அத்தை போனில் அதைத்தான் சொன்னார். கைக்குழந்தைக்கு உடம்பில் உப்பு குறைந்து வலிப்பு வரைக்கும் போகும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அதற்கப்புறம் டப்பாவோடு வரும் கரண்டியில் தலைதட்டி அளந்த பவுடர். எங்கள் டப்பாவுக்கு இரண்டு அவுன்ஸ் தண்ணீருக்கு ஒரு கரண்டி.

கடையில்

முதல் நாள் நான் செய்த தவறைச் சொல்கிறேன். பெரிய கடை, சாயங்காலம், எனக்குப் பின்னால் ஆறு பேர். மூன்று டப்பாவைக் காசாளர் முன்னால் ஓடும் பட்டையில் வைத்தேன், கார்டைத் தேய்த்தேன். இயந்திரம் "இல்லை" என்றது. காசாளர் பையன் மறுபடி முயன்றான், மறுபடி இல்லை. பையனுக்குக் காரணம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பின்னால் இருந்தவர் பெருமூச்சு விட்டார். டப்பாக்களை அங்கேயே விட்டுவிட்டுக் காருக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எடுத்தது அட்வான்ஸ் இல்லை, ப்ரோ-அட்வான்ஸ். தூரத்தில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பெயரில் நாலு எழுத்து, எடையில் ஒரு அவுன்ஸ் மாறினாலும் கார்டு எடுக்காது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மாநில விக் செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டு, டப்பாவின் பட்டைக்கோட்டை (பார்கோடு) அலமாரியிலேயே ஸ்கேன் செய்யுங்கள். எடுக்குமா எடுக்காதா என்று அங்கேயே சொல்லிவிடும், மீதி எத்தனை டப்பா என்பதும் தெரியும். விலைச்சீட்டில் ஒட்டியிருக்கும் விக் அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள், யாராவது டப்பாவை இடம் மாற்றி வைத்திருப்பார்கள். சரியான டப்பா ஒன்று கிடைத்ததும் அதன் முன்பக்கத்தையும் பட்டைக்கோட்டையும் படம் எடுத்து வையுங்கள். கணவரைக் கடைக்கு அனுப்பும்போது அந்தப் படத்தைத்தான் அனுப்ப வேண்டும், வாயால் சொன்னால் ப்ரோ-அட்வான்ஸ்தான் வரும்.

அலமாரி காலியாக இருந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். திருட்டுக்குப் பயந்து சில கடைகளில் டப்பா பாலைப் பூட்டிய கண்ணாடிக்குள்ளோ, வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் பின்னாலோ வைத்திருப்பார்கள். போன் செய்து கேட்கும்போது "சிமிலாக் இருக்கிறதா" என்று கேட்டால் எல்லாக் கடையும் இருக்கிறது என்றுதான் சொல்லும். பட்டைக்கோட்டின் எண்ணைச் சொல்லி, இந்த எண் எத்தனை டப்பா இருக்கிறது என்று கேளுங்கள். லாரி எந்தக் கிழமை வரும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக் கடைக்கு வியாழன் ராத்திரி. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால் அலமாரி நிறைந்திருக்கும், ஞாயிறு சாயங்காலம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும்.

மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டாக எடுக்கலாம். ஆனால் மீதியானது அடுத்த மாதத்துக்குப் போகாது. அதுவும் மாதம் என்பது ஒன்றாம் தேதியிலிருந்துதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு 14-லிருந்து அடுத்த மாதம் 13 வரை. 20-ஆம் தேதி மெதுவாகப் போய் நின்றபோது மூன்று டப்பா காற்றோடு போயிருந்தது. ஐம்பது டாலருக்கு மேல். ரசீதின் அடியில் மீதியும் கடைசித் தேதியும் அச்சாகியிருக்கும். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

கிடைக்காத காலம்

2022 பிப்ரவரி 17. மகனுக்கு ஐந்தாறு வாரம்தான். மிச்சிகனில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில் உள்ள ஆலையில் செய்த சிமிலாக் பவுடர்களைத் திரும்பப் பெறுவதாக, அதைத் தயாரிக்கும் அபாட் கம்பெனி அறிவித்தது. கைக்குழந்தைகளுக்கு ஆபத்தான ஒரு கிருமி பற்றிய சந்தேகம். டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இருக்கும் எண்ணைப் பார்க்கச் சொன்னார்கள்: முதல் இரண்டு இலக்கம் 22-லிருந்து 37-க்குள், நடுவே கே8, எஸ்ஹெச், இசட்2 என்பதில் ஒன்று, காலாவதித் தேதி 2022 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின். மூன்றும் பொருந்தினால் கொடுக்கக் கூடாது. சமையலறை மேடையில் நாலு டப்பாவையும் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். மூன்றில் கே8.

மே மாதத்தில் அலமாரிகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஜெர்மனியிலிருந்து ராணுவ விமானத்தில் டப்பா பால் வந்து இறங்கியது. மே 21-ல் ஒரு புதுச் சட்டம் கையெழுத்தானது; இப்படி நெருக்கடி வரும்போது விக் விதிகளைத் தளர்த்த அது வழிசெய்கிறது. எங்கள் மாநிலமும் வேறு பிராண்ட், வேறு அளவு, திரவப் பால் என்று கார்டைத் திறந்துவிட்டது. ஆனால் அதை யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. தட்டுப்பாட்டு நேரத்தில் தினமும் செயலியில் பட்டியலைப் பாருங்கள், அலுவலகத்துக்கு வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள். இணையத்தில் முகம் தெரியாதவரிடம் டப்பா வாங்காதீர்கள், பதற்றத்தில் பத்து டப்பாவைப் பதுக்கவும் வேண்டாம்.

வாந்தி, ரத்தம் கலந்த மலம், பசும்பால் ஒவ்வாமை என்று டாக்டர் சிறப்புப் பால் எழுதித் தந்தால் ஒப்பந்தப் பிராண்ட் கட்டுப்பாடு அங்கே நிற்காது. ந்யூட்ராமிஜன், அலிமென்டம் மாதிரியானவற்றுக்கு விக் படிவம் ஒன்று உண்டு. அதில் நோயின் பெயர், பாலின் பெயர், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை மாதம், டாக்டர் கையெழுத்து என எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திரும்பி வரும், அதனால் டாக்டர் அறையிலேயே ஒருமுறை படித்துப் பாருங்கள். வீட்டில் உடைக்காத பழைய டப்பா இருந்தால் விக் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள், புதியதாக மாற்றித் தர வாய்ப்புண்டு. பக்கத்து வீட்டுக்கோ இணையத்திலோ விக் டப்பாவை விக்கக் கூடாது, அம்மா பயந்தது உண்மையில் இதற்குத்தான் பொருந்தும். பிடிபட்டால் கார்டு போய்விடும்.

படிப்பு முடிந்து வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் விக் அலுவலகத்தில் மாற்றல் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் புது ஊரில் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டாம். அங்கே பிராண்ட் வேறாக இருக்கலாம், அதனால் பழைய கார்டில் இருக்கிற டப்பாக்களை எல்லாம் எடுத்து வண்டியில் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பதினோராம் மாதமே அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்குங்கள். ஒரு வயதோடு முதல் பதிவு முடிந்துவிடும். புதுப்பித்தால் டப்பாவுக்குப் பதில் கொழுப்பு நீக்காத பால் வரும். கார்டில் முதல் கேலன் வாங்கிய அன்று பாதியை மகனுக்குக் காய்ச்சினேன், மீதியை உறை ஊற்றினேன். காலி சிமிலாக் டப்பாக்களில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது.